தீக்காயமும் வளர்ச்சியும்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து

தீக்காயம் ஏழ்மையின் நோய் என்பது பொதுநல மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. ஆண்டுதோறும் தீக்காயத்தால் நேரும் ஏறத்தாழ 1,80,000 இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவை என்னும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு இக்கருத்துக்கு அரணாக நிற்கிறது. எனினும் செல்வம் பெருகியதால் மட்டுமே மேலை நாடுகளில் இவ்விறப்புகள் குறைந்துவிடவில்லை. கணப்புகளுக்குத் தடுப்புக் கம்பி கட்டாயம் என்று பிரிட்டன் 1952-இலும், எளிதில் பற்றும் துணிகளைக் கட்டுப்படுத்தி அமெரிக்கா 1953-இலும் இயற்றிய சட்டங்களைப் போன்றவை நெருப்பை உடலிலிருந்து விலக்கின.

இந்த விலக்கம் எவ்வாறு நிகழ்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதைத் திருத்தணி வட்டாரத்தில் காணலாம். சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த இப்பகுதி விசைத்தறிக்குப் பெயர் பெற்றது. தறியும் குடியிருப்பும் ஒரே கூரையின்கீழ் அமையும் வீட்டில் நூல், பஞ்சுத்தூசு, தரையில் வைத்த அடுப்பு, குனிந்து சமைப்பவரின் முந்தானை ஆகியவை ஒன்றையொன்று நெருங்கியிருக்கும். செயற்கை இழைச் சேலையானால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 2006-இல் அமைந்த மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் இங்கே எரிபொருளை மட்டும் மாற்றவில்லை. உருளையைவிட உயரத்தில் அடுப்பு இருக்கவேண்டும் என்ற விதி சமையலைத் தரையிலிருந்து மேடைக்கு ஏற்றியது. ஆயினும் உருளையின் விலை கூடும்போது விறகு திரும்பி வருகிறது, குறிப்பாகக் குளிக்க நீர் காய்ச்சுவதற்கு. 60 பாகை வெந்நீர் ஐந்தாறு நொடிகளிலேயே ஆழமாகப் பொசுக்கும் என்பதால், தவழும் குழந்தை உள்ள வீட்டில் தவலை வெந்நீரும் அஞ்சத்தக்கதே. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் கூட்டத்தின் கற்பூரத்துக்குத் தீயணைப்பு வண்டி காவல் நிற்கிறது. தவலைக்கு எந்தக் காவலும் இல்லை.

வருமானக் கணக்கு முற்றிலும் தோற்கும் இடம் பெண்ணின் இறப்பு. கிருஷ்ணாயில் ஸ்டவ்வின் துளை அடைத்து, மிகுதியாகக் காற்றடித்தால் எண்ணெய் பீறிட்டுத் தீப்பற்றக்கூடும் என்பது உண்மையே. ஆனால் 'ஸ்டவ் வெடித்தது' என்ற தொடர் பல வீடுகளில் வேறொன்றை மறைக்கும் திரையாகவும் பயன்பட்டது. இந்தியாவில் 2001-இல் தீயால் 1,63,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களுள் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயதினர் என்று 2009-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. காவல்துறைப் பதிவைப்போல் இது ஆறு மடங்கு. மணமான ஏழாண்டுகளுக்குள் ஐயத்துக்குரிய முறையில் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிப்பதும், 1986-இல் சேர்க்கப்பட்ட வரதட்சணை மரணப் பிரிவும் இந்த இடைவெளியை ஓரளவே குறைக்கமுடியும். மாமியாரும் கணவரும் கட்டிலருகே நிற்க, அதே வீட்டில் வளரவேண்டிய பிள்ளைகளை எண்ணியபடி பேசும் பெண்ணின் மரண வாக்குமூலத்தை வறுமைக்கோட்டைக் கொண்டு படித்துவிட இயலாது. அவளுக்குத் திரும்பிச் செல்லப் பிறந்தவீடும் சொந்தச் சம்பளமும் உண்டா என்பதே அங்கே வளர்ச்சியின் அளவுகோல் எனக் கொள்வது பொருந்தும்.

பிழைப்பது சிகிச்சையின் தொலைவையும் பொறுத்தது. தேர்ந்த மையங்களில் உடற்பரப்பில் பாதிக்கு மேல் வெந்த இளைஞர்கள்கூடப் பிழைக்கிறார்கள். வடதமிழகத்தில் அத்தகைய சிகிச்சைக்குப் பலரும் நாடும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு திருத்தணியிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே கிளம்புமுன் புண்ணின்மேல் இட்லி மாவு, பற்பசை, பேனா மை பூசுவதை விட்டு, 20 நிமிடம் ஓடும் குளிர்நீரில் காட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை. பெருங்காயத்தில் நாளங்களிலிருந்து நீர் கசிந்து இரத்த ஓட்டம் தளர்வதால், முதல் 24 மணி நேரத்துக்குரிய சிரைவழித் திரவத்தில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். அந்த எட்டு மணி நேரம் காயம் பட்ட பொழுதிலிருந்தே எண்ணப்படுவதால், அருகிலுள்ள முதல் மருத்துவமனையிலேயே திரவம் ஏற்றப்படாத நோயாளிக்குக் கீழ்ப்பாக்கம் போய்ச் சேரும்போது அதில் கணிசமான பகுதி கழிந்திருக்கும்.