புனே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு

கருவுற்ற தாயின் உணவு குழந்தையின் பிற்கால உடல்நலத்தை எப்படி வடிக்கிறது என்றறிய, புனேவின் கே.இ.எம். மருத்துவமனையில் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1993இல் அருகிலிருந்த ஆறு கிராமங்களில் தொடங்கிய ஆய்வு. அங்குள்ள குழந்தைகளின் சராசரி பிறப்பு எடை சுமார் 2.7 கிலோதான். தசை மெலிந்திருந்தும் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பின்னாளைய நீரிழிவுக்கு இது வித்தாகலாம். கீரை, பழம், பால் அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் எடை கூடிப் பிறந்தன. வெறும் கலோரிக் கணக்கு போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆனால் 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தினருக்கு ரேஷனில் உறுதியானது தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். எனவே புனேவில் முளா ஆற்றோரப் போபோடியின் குடிசைப் பகுதிகளிலும் கீரையையும் பாலையும் அன்றாடக் கூலியிலிருந்தே வாங்கியாக வேண்டும்.