இசை நூலகர் (எண்ணிமப் பணி)

இசைச்சுவடிகள், அச்சிட்ட இசைக்குறிப்புகள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டி, பட்டியலிட்டு, பேணுபவர் இசை நூலகர். இவர்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 1951இல் பாரிசில் அமைந்தது. மறு ஆண்டே அது இசையியலாளர்களுடன் இணைந்து, ரிஸ்ம் எனப்படும் உலக இசை மூலங்களின் பட்டியலைத் தொடங்கியது.

ஆசிரியர் பெயரில்லாத சுவடியை அடையாளம் காண்பதுதான் இப்பணியின் கடினமான பகுதி. தலைப்புகள் ஊருக்கு ஊர் மாறும். தொடக்கச் சுரங்கள் பெரும்பாலும் மாறா. இதைக் கொண்டு 1964இல் பேரி புரூக், மரே கூல்ட் இருவரும் சுரங்களைத் தட்டச்சு எழுத்துகளாலேயே குறிக்கும் முறையை வகுத்தனர். கணினி பரவாத காலத்தில் செய்த அரிய முன்னேற்பாடு இது. இம்முறையில் தொடக்கச் சுரங்களைப் பதிந்த ரிஸ்ம் பட்டியல் 2010இல் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்பட்டது. இன்று சில சுரங்களை உள்ளிட்டே, ஒரே இசை வெவ்வேறு நாட்டு நூலகங்களில் எந்தெந்தப் பெயர்களில் இருக்கிறது என்று தேடலாம்.

முழு இசைக்குறிப்பையும் கணினி ஆராயும்படி எழுதும் எம்.இ.ஐ. முறையை, 2000ஆம் ஆண்டையொட்டி வர்ஜீனியா பல்கலைக்கழக நூலகத்தின் பெர்ரி ரோலண்ட் உருவாக்கத் தொடங்கினார்.

ஒலிப்பதிவுகளை எண்ணிமமாக்குவதில் அவசரம் கூடுதல். காந்த நாடாக்கள் சிதைகின்றன. அவற்றை இயக்கும் கருவிகளும் பழுதுபார்ப்போரும் குறைந்துவருகின்றனர். எனவே காப்பகங்கள் பொதுவாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், சுருக்கப்படாத கோப்புகளாக அவற்றைப் படியெடுக்கின்றன.