கிருஷ்ணதேவராயரும் ஸாளுவ திம்மரசரும்: ஒரு நட்பின் முறிவு

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த கோதையின் வைபவத்தைத் தெலுங்கில் பெருங்காவியமாகப் பாடியவர் என்ற முறையில் கிருஷ்ணதேவராயர் ஸ்ரீவைஷ்ணவர்களின் நெஞ்சில் நிலைத்த இடம் பெற்றவர். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட இவர், 1513 தொடங்கி 1521 வரையிலான காலத்தில் ஏழு முறை திருமலைக்கு எழுந்தருளித் திருவேங்கடமுடையானைச் சேவித்ததைக் கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. 1514இல் உதயகிரி துர்க்கத்தை வென்று திரும்புகையில் முப்பதாயிரம் பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்தார். தேவியர் இருவரோடும் கைகூப்பி நிற்கும் அவருடைய திருவுருவத்தை இன்றும் திருமலை செல்வோர் காண்கின்றனர். கஜபதியை வென்றவர், 1520இல் ராய்ச்சூரில் அடில்ஷாவை முறியடித்தவர், போர்க்களத்தில் தோல்வி அறியாதவர் என்றெல்லாம் அவர் புகழ் பேசப்படுகிறது. அவருடைய கடைசி ஐந்தாண்டுகளைப் பற்றி மட்டும் பலரும் ஒரு வரியோடு கடந்து விடுகின்றனர்.

அந்த ஐந்தாண்டுகளின் துயரம் திம்மரசரைப் பற்றியது. ஸாளுவ திம்மரசர் அந்தணர், ராயரின் மஹாப்ரதானி, தண்டநாதர். ராயர் அவரை ‘அப்பாஜி’, அதாவது தந்தையே, என்று அழைத்தாரென்பது ஆந்திர தேசமெங்கும் வழங்கும் செய்தி. 1520ஐ ஒட்டி விஜயநகரத்தைக் கண்ட போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயெஸ், அரண்மனை முழுவதும் இந்த முதியவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்ததையும், பெரிய பிரபுக்களும் அரசனிடம் நடப்பது போலவே இவரிடம் நடந்துகொண்டதையும் எழுதி வைத்துள்ளார். 1515இல் கொண்டவீடு ராயர் வசமானபின் அத்துர்க்கத்தின் ஆட்சி இவர் பொறுப்பில் விடப்பட்டது. இவருடைய ஸஹோதரியின் புதல்வர்களான நாதெண்ட்ல அப்பனும் கோபனும் அங்கே இவருக்குத் துணையாயினர்.

அரசியலோடு சாஸ்த்ரமும் இக்குடும்பத்தில் ஒருங்கே விளங்கியது. காகதீய ஸபையில் இருந்த அகஸ்த்ய கவியின் பாலபாரதத்துக்குத் திம்மரசர் ‘மனோஹரா’ என்னும் வ்யாக்யானம் இயற்றினார். மருமகனான கோபன், விஷ்ணுபக்தியின் துணையால் விவேகன் மஹாமோஹனை வெல்வதைக் கூறும் ப்ரபோதசந்த்ரோதய நாடகத்துக்குச் ‘சந்த்ரிகா’ என்னும் உரை செய்தார். அந்நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், தன் பிள்ளைகளை இழந்து புலம்பும் மனஸ் என்னும் தந்தையை ஸரஸ்வதி தேற்றுகிறாள். அப்பகுதிக்கும் உரை செய்த குடும்பம், பின்னாளில் பிள்ளையை இழந்த ஓர் அரசனின் சினத்துக்கு இலக்காயிற்று.

நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிக்கு ஆதாரம் ஒன்றே. 1535ஐ ஒட்டி விஜயநகரத்தில் தங்கியிருந்த பெர்னாவ் நூனிஸ் என்னும் போர்ச்சுகீசியக் குதிரை வணிகரின் வரலாற்றுக் குறிப்பு அது. பாரிஸ் நகரத்து நூலகத்திலிருந்த அதன் சுவடியை 1897இல் தாவீது லோப்பெஸ் லிஸ்பனில் அச்சிட்டார். 1900இல் ராபர்ட் சிவெல் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். நிகழ்ச்சிக்குப் பத்தாண்டுகளின்பின், ஊராரிடம் கேட்டு எழுதப்பட்ட குறிப்பு என்பதை நினைவிற்கொண்டே அதைப் படிக்க வேண்டும்.

நூனிஸின் கூற்று இது. ராயருக்கு முன் ஆண்ட தமையனார் வீரநரஸிம்மர் மரணப்படுக்கையில் இருந்தபோது, எட்டு வயதான தம் மகனுக்கே அரசு சேரவேண்டும் என்ற ஆசையால், இளவலான கிருஷ்ணராயரின் கண்களைப் பிடுங்கிக் கொணருமாறு திம்மரசரைப் பணித்தார். திம்மரசர் ஓர் ஆட்டின் கண்களைக் கொண்டுவந்து காட்டி அரசரின் மனத்தை ஆற்றினார். வீரநரஸிம்மர் காலமானதும் மறைத்து வைத்திருந்த கிருஷ்ணராயரையே அரியணையில் அமர்த்தினார். இவ்வரலாற்றை ஐயுறும் ஆராய்ச்சியாளர் உண்டு. ஆனால் ஆட்டுக் கண்களின் கதை உண்மையோ இட்டுக்கட்டோ, ராயருடைய ஆட்சி திம்மரசரின் கையால் வந்தது என்பதே அக்கால மக்களின் எண்ணம் என்பது இதனால் விளங்குகிறது.

ராயருக்குத் திருமலாதேவியிடம் பிறந்த பிள்ளைக்குத் திருமலைராயன் என்று பெயர். தாய்க்கும் பிள்ளைக்கும் எம்பெருமானுடைய திருமலையின் பெயரே அமைந்தது. பிள்ளைக்கு ஆறு வயதானபோது, தாம் உயிரோடிருக்கையிலேயே அவனுக்குப் பட்டம் கட்டினார் ராயர். 1524ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் அச்சிறுவனின் பெயர் காணப்படுகிறது. நூனிஸ் மேலும் ஒரு செய்தி தருகிறார். மகனை அரசனாக்கிய ராயர் அமைச்சுப் பதவியைத் தாமே ஏற்றுக்கொள்ள, அதுவரை அமைச்சராயிருந்த திம்மரசர் ஆலோசகர் என்ற நிலைக்கு வந்தார்.

இந்தப் பதவித் துறவு ராயருடைய காவியத்தை அறிந்தவர்க்குப் புதிதன்று. ஆமுக்தமால்யதையின் நான்காம் ஆச்வாஸத்தில் யாமுனாசார்யர் அரசைத் துறந்து மகனிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைக்குமுன் அவனுக்கு ராஜநீதி உபதேசிக்கிறார். குருபரம்பரை நூல்களில் ஆளவந்தாரின் துறவுக்குக் காரணம் மணக்கால் நம்பியின் திருவருள். தூதுவளைக் கீரையும் பெரிய பெருமாள் ஸேவையும் அங்கே முக்கியம். விரிவான ராஜநீதி உபதேசம் ராயர் சேர்த்தது. ஆளவந்தாரின் பாத்திரத்தில் தம்மையே வைத்துப் பார்த்த ஓர் அரசரின் குரலாகவே அப்பகுதி ஒலிக்கிறது.

அந்த உபதேசத்தில் அமைச்சரைப் பற்றிச் சொன்னவை இவ்விடத்தில் நினைக்கத் தக்கவை. அமைச்சர் கற்றவராகவும், அதர்மத்துக்கு அஞ்சுபவராகவும், ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதினராகவும், முன்னோர் காலந்தொட்டு அரசகுலத்தோடு தொடர்புடையவராகவும் இருத்தல் வேண்டும் என்று யாமுனர் வாயிலாக ராயர் கூறுகிறார். திம்மரசரை அருகில் வைத்துக்கொண்டு வரைந்த சித்திரம் என்று எண்ணத் தோன்றும். அதே பகுதியில், அமைச்சன் அளவுக்கு மீறி வளர்ந்தால் அரசன் அவன் கைக்குள் வாழ நேரும் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஒருவனை உயர்த்திப் பின் தாழ்த்தினால் அவன் தன் பழைய நிலையை மறந்து பகை கொள்வான், ஆகையால் படிப்படியாகவே உயர்த்த வேண்டும் என்பதும் உண்டு. கொலைத்தண்டனை பெற்றவனுக்கும் மும்முறை முறையிட இடம் தரவேண்டும் என்பதும் அங்கேதான் உள்ளது. நம்பிக்கையும் அச்சமும் அக்காவியத்தில் அடுத்தடுத்த பாடல்களில் வாழ்கின்றன. பொட்நூரில் நாட்டிய வெற்றித்தூணைக் காவியம் குறிப்பிடுவதால் அது கலிங்கப் படையெடுப்புக்குப் பிற்பட்டது. பிள்ளையின் மரணத்துக்கு முற்பட்டது என்று கொள்வதே பொருத்தம். ஆதலால் அந்த அச்சம் துயரத்தால் பிறந்ததன்று. முன்பே மனத்தில் இருந்தது.

பட்டாபிஷேக உத்ஸவங்கள் எட்டு மாதம் நடந்தன. அந்நாட்களில் சிறுவன் நோயுற்று இறந்தான். திம்மரசரின் மகன் நஞ்சிட்டான் என்று ராயரிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் யார், சான்று எது என்பதற்கு நூனிஸிடம் விடையில்லை.

ராயர் திம்மரசரையும் அவர் மக்களையும் தலைவர்கள் பலரோடு வழக்கமாக வணங்க வரும் வேளையில் ஸபைக்கு வரவழைத்தார். அங்கே அவர் பேசியதாக நூனிஸ் எழுதியுள்ள பேச்சின் போக்கு வியப்புக்குரியது. முதலில் திம்மரசரைத் தம் பெரிய நண்பராகவே எப்போதும் கருதிவந்ததையும், அவர் நாற்பதாண்டு இந்த ராஜ்யத்தை நடத்தியதையும், தமக்கு அரசு தந்தவர் அவரே என்பதையும் ராயர் ஒப்புக்கொள்கிறார். அடுத்து நன்றிக்கடன் எதுவும் தமக்கில்லை என்று மறுக்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் ஆட்டின் கண்கள். தமையன் இட்ட கட்டளையை நிறைவேற்றாமல், ஆட்டின் கண்ணைக் காட்டி ஏமாற்றிய அன்றே திம்மரசர் ராஜத்ரோஹி ஆகிவிட்டார் என்பது வாதம். நஞ்சைப் பற்றிய குற்றச்சாட்டு அதன் பிறகே வருகிறது.

தம் கண்களைக் காத்த செயலையே முதற் குற்றமாக எண்ணும் அளவுக்கு ஒரு தந்தையின் மனம் உடைந்திருந்தது. நஞ்சுக்குச் சான்று இருந்திருந்தால் பழைய கதை எதற்கு? மகன் கொலையுண்டான் என்பதை நிறுவ முடியாத இடத்தில்தான், இவர் முன்பும் ஓர் அரசனை வஞ்சித்தவர் என்ற வாதம் தேவைப்படும். நூனிஸ் சொற்களைத் தாமே புனைந்திருக்கலாம். ஆயினும் நகரத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அவர் சாட்சி.

இன்னொரு குறிப்பும் கருதத் தக்கது. திம்மரசரைச் சிறைப்பிடிக்க அப்போது நகரத்தில் குதிரைகளோடு வந்திருந்த போர்ச்சுகீசியர் பலரின் உதவியை ராயர் நாடினாராம். லக்ஷக்கணக்கான சேனையை நடத்திய தலைவர், தம் வயோதிக அமைச்சரைக் கட்டத் தம் வீரர்களை நம்பவில்லை. ஒருவரிடம் வைத்த நம்பிக்கை முறிந்தபோது மற்ற எல்லாரிடமும் வைத்தது தளர்ந்துபோயிற்று.

பாயெஸ் ராயரின் பண்பைப் புகழும்போதே, திடீரென்று பொங்கும் கோபம் அவரிடம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. இத்தகைய கோபம் காவியங்களுக்குப் புதிதன்று. கிஷ்கிந்தா காண்டத்தில் மழைக்காலம் கழிந்தும் ஸுக்ரீவன் தன் வாக்கை மறந்து போகத்தில் கிடந்தபோது பெருமாளே சினங்கொண்டார். இளைய பெருமாள் வில்லோடு கிஷ்கிந்தையின் வாயிலில் நின்றார். நன்றி மறந்தவனுக்குப் ப்ராயச்சித்தமில்லை என்ற கடுஞ்சொல்லும் அங்கே பிறந்தது. ஆனால் அவ்வாயிலில் தாரை எதிரே வந்து நின்றாள். அவள் சொல்லால் கோபம் தணிந்து, நட்பு பிழைத்து, வானரசேனை திரண்டது. விஜயநகரத்தில் ராயரின் கோபத்துக்கு எதிரே வந்து நின்று நிதானம் சொல்லும் வழக்கம் உடையவர் ஒருவரே. அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவரும் அவரே. விபீஷண சரணாகதியில், குற்றமுடையவனாயினும் நட்போடு வந்தவனைக் கைவிடாமையைப் பெருமாள் தம் ஸ்வபாவமாகவே காட்டினார். ஸ்வாமி தேசிகன் அபயப்ரதானஸாரத்தில் அதை விரித்தருளினார். பெருமாளுக்கு ஸ்வபாவமானது ஜீவனுக்கு எளிதன்று. அதிலும் பிள்ளையைப் பறிகொடுத்த ஜீவனுக்கு.

திம்மரசர் இறந்தபின் எழுந்த கதைகள் அவர் கண்கள் அன்றே பறிக்கப்பட்டதாகச் சொல்கின்றன. நூனிஸ் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாண்டு சிறை கழிந்தது. அதன்பின் திம்மரசரின் மகன் திம்ம தண்டநாயகன் காவலர் உதவியோடு தப்பி, உறவினன் ஒருவன் காத்த மலைக்கோட்டையில் புகுந்து கலகம் செய்தான். படை அனுப்பி அவனைப் பிடித்துக் கொணர்ந்த பின்னரே தந்தைக்கும் மக்களுக்கும் கண் பறிக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தணரைக் கொல்லும் வழக்கம் இந்நாட்டில் இல்லை என்று நூனிஸ் காரணம் கூறுகிறார். தப்பியோடிய மகன் சிறையிலேயே இறந்தான். ஆகவே இத்தண்டனை முதற்கோபத்தின் வேகத்தால் விளைந்ததன்று. மும்முறை முறையிட இடம் தரச் சொன்ன காவியத்தின் ஆசிரியருக்கு மூன்றாண்டு அவகாசம் இருந்தது.

திம்மரசர் குற்றவாளியா என்பதற்குத் தெலுங்கு மரபு தரும் விடை ஒருமுகமானது: குற்றமற்றவர். மதுரை நாயக்கர் காலத்ததாகக் கருதப்படும் ராயவாசகமு என்னும் உரைநடை நூலில் அப்பாஜி மதியூகியாகவே விளங்குகிறார். வீழ்ச்சி அதில் இடம்பெறவில்லை. ஆனால் அந்நூல் கூறும் ஒரு தந்திரம் இவ்வரலாற்றோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. கஜபதியின் பதினாறு பாத்ரர்களை, அதாவது பெருந்தலைவர்களை, போரில் வெல்வது அரிது என்று கண்ட அப்பாஜி, அவர்களுக்குப் பொன்னும் ஆபரணமும் நிறைந்த பெட்டிகளைக் கடிதங்களோடு அனுப்பினார். அவர்கள் ராயரோடு ரஹஸ்யமாக உடன்பட்டுவிட்டதாகக் கடிதங்களில் எழுதியிருந்தது. அவை கஜபதியின் கையில் சிக்குமாறு செய்யப்பட்டன. சிக்கின. தம் விசுவாசமான தலைவர்களையே த்ரோஹிகள் என்று நம்பிய கஜபதி களத்தைவிட்டு ஓடினார். முத்ராராக்ஷஸ நாடகத்தில் சாணக்யர் செய்த உபாயத்தின் சாயல் இதில் உண்டு. பொய்ச்சான்று ஓர் அரசனின் மனத்தில் என்ன செய்யும் என்பதை அப்பாஜியைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் இல்லை. அத்தந்திரத்தால் பயன் பெற்ற ராயரும் அதை அறிந்தவரே. கஜபதிக்கு நேர்ந்தது தமக்கும் நேர்கிறதோ என்று அவர் ஒரு கணம் எண்ணியிருந்தால் அந்த ஸபையின் பேச்சு வேறாயிருக்கும்.

இங்கே ஒரு பெயர் மயக்கத்தையும் நீக்குதல் நலம். அச்யுதராயர் காலத்தில் சோழமண்டலத்தில் கலகம் செய்த செல்லப்பர் என்னும் ஸாளுவ வீரநரஸிம்ம நாயக்கர் வேறு, திம்மரசர் வேறு. ‘ஸாளுவ’ என்ற அடைமொழியால் இருவரையும் ஒருவராகக் குழப்பி எழுதியவர் உண்டு.

பெனுகொண்டைக் கோட்டையில் திம்மரசர் சிறையிருந்த இடம் என்று அவ்வூரார் இன்றும் ஓரிடத்தைக் காட்டுவர். ராயர் பின்னர் உண்மையறிந்து வருந்தினார் என்ற கதையும் உண்டு. அதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. அறியப்படுவது ஒன்று: 1521இல் திருமலைக்கு வந்து நவரத்னக் குல்லாயும் பீதாம்பரமும் ஸமர்ப்பித்ததே ராயர் வந்ததாகப் பதிவான கடைசி யாத்திரை. பிள்ளை இறந்தபின் அவர் மலையேறியதற்குப் பதிவில்லை.

1529இல் ராயர் திருநாடலங்கரித்தபோது எஞ்சியிருந்த மகனுக்கு வயது ஒன்றரை. இருபதாண்டுகளுக்கு முன்பும் இப்படியே ஒரு குழந்தையும் வளர்ந்த ஒரு சகோதரரும் அரியணைக்கு எதிரே நின்றனர்; அன்று ஓர் அமைச்சர் துணிந்து முடிவு செய்தார். இம்முறை ராயரே சந்திரகிரிக் கோட்டையில் காவலில் வைத்திருந்த தம்பி அச்யுதராயரைப் பெயர் சொல்லிவிட்டு மறைந்தார். அச்யுதருக்குத் திருமலையில், திருவேங்கடமுடையானின் திருக்கைச் சங்கத் தீர்த்தத்தால் அபிஷேகம் நடந்ததாக ராஜநாத டிண்டிமரின் அச்யுதராயாப்யுதயம் கூறுகிறது. அரசியலின் கடிவாளம் ஸலகராஜு சகோதரர்களின் கைக்குச் சென்றது.