பழைய சேத்தக்கின் மறுவாழ்வு: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் சிக்கனச் சீரமைப்பின் முறை

1. பொருளும் எல்லையும்

தாத்தாவோ அப்பாவோ ஓட்டிய கியர் ஸ்கூட்டர் ஒன்று தார்ப்பாய்க்குள் கிடப்பது சித்தூர், புத்தூர், நகரி, திருப்பதி வீடுகளில் புதிய காட்சியல்ல. அதை மீண்டும் ஓடவைக்க வேண்டும், கூடவே தன் விருப்பப்படி அழகும் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது பெயிண்ட் கடையில். பணம் அங்கே கரைந்த பிறகுதான் பிரேக்கும் தரைத்தகடும் நினைவுக்கு வருகின்றன.

கையில் கொஞ்சமாகப் பணம் இருக்கும்போது எந்த ரூபாய் முதலில் எங்கே போக வேண்டும் என்பதே சீரமைப்பின் முதல் கேள்வி. அந்த வரிசையை வண்டியின் அமைப்பே சொல்லிவிடுகிறது; சட்டமும் இந்த நிலத்தின் சாலைகளும் அதையே உறுதிசெய்கின்றன. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். உதிரிபாகம் கிடைப்பதில் முதலிடம் வகிக்கும் பஜாஜ் சேத்தக் இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. வண்டியின் வழிமுறை

இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946-இல் வெஸ்பாவை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். தனிச் சட்டகம் இல்லாமல் மடித்து வளைத்த தகடே வண்டியைத் தாங்க வேண்டும் என்பதும், முன்சக்கரத்தை விமானச் சக்கரம்போல் ஒருபக்கத் தாங்கியில் பொருத்த வேண்டும் என்பதும் அவருடைய முடிவுகள். சேத்தக்கில் பஞ்சர் ஆனால் கார்ச் சக்கரம்போல நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிட முடிவது இதனால்தான்.

பஜாஜ் 1960-களில் பியாஜியோ உரிமத்துடன் வெஸ்பாவைத் தயாரித்தது. உரிமம் முடிந்தபின், மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரில் 1972-இல் சேத்தக் வந்தது. முன்பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. 2000-களின் நடுவில் அதன் உற்பத்தி நின்றது. 2020-இல் அதே பெயர் மின்சார ஸ்கூட்டருக்குப் போனது. உடன் ஓடிய மற்றவை லக்னோவின் விஜய் சூப்பர், கான்பூரின் எல்.எம்.எல். வெஸ்பா, அன்றைய ஆந்திரத்தில் தயாரான ஆல்வின் புஷ்பக்.

வண்டியைத் தேர்வதில் இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும். சேத்தக்கும் பஜாஜ் சூப்பரும் ஒரே குடும்பம். ஒன்றன் பாகங்கள் பல மற்றொன்றுக்குப் பொருந்தும். எல்.எம்.எல்., வெஸ்பாவின் பிற்கால பி.எக்ஸ். வரிசையிலிருந்து வந்ததால் அதன் பாகங்கள் வேறு. புஷ்பக்கை எடுப்பவர் ஒரு கேபிளுக்கும் அலைய நேரும். பட்ஜெட் குறைவானால் அபூர்வ வண்டியை விட்டுவிட்டு, ஊரில் அதிகம் ஓடிய வண்டியை எடுப்பதே அறிவு.

3. உடம்பே சட்டகம்

மோட்டார் சைக்கிளில் தகடு துருப்பிடித்தால் அழகு மட்டுமே கெடும், சட்டகம் நிற்கும். சேத்தக்கில் காலை வைக்கும் தரைத்தகடுதான் முன்கழுத்தையும் பின்பாகத்தையும் இணைக்கும் பாலம். அது இற்றுப்போனால் வண்டி நடுவில் தளரும். பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே சோதனையைத் தொடங்க வேண்டிய இடம் தரை.

சோதிக்கும் முறை எளிது. ரப்பர் பாயையும் அலுமினியப் பட்டைகளையும் கழற்றி, வண்டியைப் பழைய டயரின் மேல் பக்கவாட்டில் சாய்த்துக்கொள்ள வேண்டும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அடித்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், இற்ற தகடு சொத்தென்று அடங்கும். அந்த இடத்தில் முனையால் அழுத்தினால் துருப்பொடி உதிரும். பிறகு மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை மேல்பக்கம் நகர்த்திப் பார்க்க வேண்டும். அது பிடிப்பு விட்டு வழுக்கும் இடத்தில் பெயிண்ட்டுக்கு அடியில் பட்டி தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது. விற்பவரின் வாய்ச்சொல்லைவிட இந்தக் காந்தம் நம்பத்தக்கது.

இற்ற தரையில் ஒட்டுப்போடுவது வீண்செலவு. பிரேக் பெடல் அமரும் இடத்தையும் குறுக்குத் தாங்கிகளையும் சேர்த்து வெட்டி, புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டும்போது உடம்பு கோணிக்கொள்ளாமல் கழுத்துக்கும் பின்பாகத்துக்கும் நடுவே தற்காலிகமாக ஒரு இரும்புக்குழாயைப் பற்றவைத்துக்கொள்வது டிங்கரிங் தெரிந்தவர்களின் வழக்கம். இந்த ஒரு வேலையில் அனுபவமுள்ள கைக்குக் கூடுதல் கூலி கொடுக்கத் தயங்கக் கூடாது.

இவ்வட்டாரத்துக்கு ஒரு சாதகம் உண்டு. கடற்காற்றின் உப்பு சித்தூருக்கு எட்டுவதில்லை. அதனால் சென்னையில் வளர்ந்த வண்டியைவிட இங்கே வளர்ந்த வண்டியின் தகடு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதகம், வெயில். ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் நின்ற வண்டியில் ஆயில் சீல், பெட்ரோல் குழாய், டயர் என ரப்பர் அனைத்தும் இறுகி வெடித்திருக்கும். அவற்றைப் பார்க்காமலே மாற்றிவிடலாம்.

4. செலவின் வரிசை

வாங்கிய விலை போக, சீரமைப்புக்கென ஒதுக்கும் தொகையைப் பத்துப் பங்காகக் கொண்டால் இக்கட்டுரை முன்வைக்கும் பகிர்வு இது:

- தரைத்தகடும் உடம்பும்: 2 பங்கு
- பிரேக், ஸ்டீயரிங், டயர், கேபிள்: 2 பங்கு
- எஞ்சின், கிளட்ச்: 3 பங்கு
- வயரிங், விளக்கு: 1 பங்கு
- பெயிண்ட், அழகு வேலை: 1 பங்கு
- கையிருப்பு: 1 பங்கு

கையிருப்பைத் தொடாமல் வைத்திருப்பது அவசியம். எஞ்சினைப் பிரித்தபிறகுதான் தெரியவரும் பழுது ஒன்றாவது இருக்கும்.

இரண்டாம் வரியில் மக்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஸ்டீயரிங்கைத் தாங்கும் கோன் செட். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, தாங்கியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக்கென்ற சத்தம் வரக்கூடாது. கைப்பிடியைத் திருப்பினால் நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நிற்கவும் கூடாது. நின்றால் குண்டுகள் கிண்ணத்தில் குழி பறித்துவிட்டன என்று பொருள். சிறுதொகையில் தீரும் இந்தப் பழுதோடு நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து.

இரண்டு சக்கரமும் 3.50-10 அளவு, ஸ்டெப்னியும் அதுவே. ரிம் இரண்டு பாதிகளாகப் போல்ட்டால் இணைக்கப்பட்டது. காற்றை முழுதும் இறக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரியும். வீட்டில் தானே வேலை செய்பவர் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

உதிரிபாகத்துக்குச் சித்தூர்க்காரருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் வேலூர் இருக்கிறது. திருப்பதிக்காரருக்கு ரயிலேறினால் சென்னை. அங்கே பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை, புதியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. பழைய பாகமாக வாங்கலாம் என்பவை சைடு பேனல், கைப்பிடி உறை, ஸ்டெப்னி தாங்கி, ரிம். பிரேக் ஷூ, கேபிள், பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது சிக்கனம் ஆகாது.

5. எஞ்சின்: பிரிக்கும் முன் கேட்க வேண்டியவை

சேத்தக்கின் எஞ்சின் 145 சிசி டூ-ஸ்ட்ரோக். துளையும் ஓட்டமும் 57 மி.மீ. பெட்ரோலில் கலந்த 2டி எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் மசகு. லிட்டருக்கு 20 மி.லி. என்பது இவ்வண்டிக்குரிய அளவு.

ஓடும் நிலையில் கிடைத்த எஞ்சினை உடனே பிரிக்கத் தேவையில்லை. அதுவே தன் நோயைச் சொல்லும். சூடானபிறகு ஆக்சிலேட்டரை மூடினாலும் வேகம் இறங்காமல் இரைந்தால் மேக்னெட்டோ பக்கச் சீல் காற்றை உள்ளே விடுகிறது. வெள்ளைப் புகை அடங்காமல், கியர் எண்ணெயும் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கச் சீல் போய்விட்டது. எஞ்சின் கியர் எண்ணெயைக் குடித்து எரிக்கிறது. இரண்டுமே விலை குறைந்த ரப்பர் வளையங்கள், ஆனால் கூலி அதிகம். ஆகவே ஒன்றுக்காகப் பிரித்தால் இரண்டு சீலையும், மெயின் பேரிங்கையும் கையோடு மாற்றிவிடுவதே கணக்கு.

ரீபோர் தேவைப்பட்டால் முதலில் பெரிய அளவுப் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன்பின் லேத்துக்குப் போக வேண்டும். அச்சிட்ட அளவை நம்பித் துளையைக் குடையாமல், கையிலுள்ள பிஸ்டனை அளந்து குடைபவரே நல்ல லேத்காரர். சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்கும் அளவெடுக்கிறாரா என்று பார்க்கலாம். குடைந்தபின் போர்ட்டுகளின் கூர்விளிம்பை மழுக்க வேண்டும். இல்லையெனில் புது ரிங் அதில் மாட்டி உடையும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள் நாட்டில் பரவியுள்ளது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும்; பழைய ரப்பரை ஊதவைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாயைப் போடுவதும், வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதும் புதிய ஒழுக்கங்கள்.

6. மாற்றம்: தகுவனவும் தகாதனவும்

தன் வண்டிக்குத் தன் முகம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு இக்கட்டுரை வைக்கும் அளவுகோல் ஒன்றே: செய்த மாற்றத்தை ஸ்பேனரால் கழற்றித் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும்.

இருக்கை உறை, முன்கேரியர், கண்ணாடி, கால்பாய், ஸ்டெப்னி உறை ஆகியவை இந்த அளவுகோலில் தேறும். பல சேத்தக்குகளில் விளக்கு நேரே மேக்னெட்டோவிலிருந்து எரிவதால், எஞ்சின் வேகம் குறையும்போது வெளிச்சமும் மங்கும். பாயிண்ட், கண்டன்சர் வைத்த பழைய அமைப்பை 12 வோல்ட் எலக்ட்ரானிக் தொகுதியாக மாற்றுவது அழகும் பாதுகாப்பும் சேர்ந்த செலவு. பேட்டரி சேர்ப்பவருக்கு ஊர் எல்லையிலேயே தொழிற்சாலை இருக்கிறது. திருப்பதியை அடுத்த கரகம்பாடி, அமரராஜா பேட்டரியின் ஊர்.

தேறாதவை: பின்பாகத் தகட்டை அறுப்பது, முன்தாங்கியை நீட்டுவது, கைப்பிடியை உயர்த்தி வெல்டிங் செய்வது. உடம்பே சட்டகம் என்பதால் இவை ஒவ்வொன்றும் எலும்பில் கைவைப்பது. சைலன்ஸரின் உட்தடுப்பை எடுப்பதும் தவறு. டூ-ஸ்ட்ரோக்கில் வெளியேறும் புகையின் எதிர்அழுத்தம், எரியாத கலவை தப்பி ஓடாமல் தடுக்கிறது. தடுப்பை எடுத்தால் சத்தம் ஏறும், இழுவை இறங்கும், பெட்ரோல் வீணாகும்.

7. சட்டம் வகுக்கும் எல்லை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றத் தடைவிதிக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆறாம் பகுதியில் பொறியியல் தகாது என்றவற்றைச் சட்டமும் தகாது என்கிறது. நிறமும் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) பதிவான விவரம்; மாற்றுவதானால் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும்.

பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி, ஆய்வு ஆகியவற்றை வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். சைடு பேனலுக்கு அடியில் குத்தியுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத வண்டியை எவ்வளவு மலிவானாலும் தொடக்கூடாது. திருப்பதி 2022 ஏப்ரலில் தனி மாவட்டமானதால், வண்டியின் கோப்பு சித்தூரில் இருக்கிறதா திருப்பதியில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வின்டேஜ் விதிகள் வந்தன. தொடக்ககாலச் சேத்தக்குகள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், காலம் பத்தாண்டு. ஆனால் மூலவடிவம் கெடாதிருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கடைக்கும் வேலைக்கும் போக வண்டி வேண்டுபவருக்குச் சாதாரணப் புதுப்பிப்பே வழி. என்றாலும், இன்று உடம்பை அறுப்பவர் நாளை இந்தத் தகுதியையும் சேர்த்தே இழக்கிறார்.

8. மலைப்பாதை என்னும் தேர்வு

இவ்வட்டாரத்தில் வண்டியைச் சீரமைத்தவர் என்றேனும் அதில் திருமலைக்குப் போக நினைக்காமல் இரார்; பழைய வண்டிக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 1974-இல் திறந்த இரண்டாம் பாதையில் ஏற்றம், 1944-இல் திறந்த முதல் பாதையில் இறக்கம். ஏற்றத்தில் கிளட்ச் தகடும் ரீபோரும் சோதிக்கப்படும். ரீபோர் செய்து சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் பழக்கும் முன் மலையேறினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இறக்கம் இன்னும் கடுமையான தேர்வு. கீழ்கியரில் ஆக்சிலேட்டரை மூடி எஞ்சினாலேயே வேகத்தை அடக்கி இறங்குவது காருக்கு நல்லது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு எண்ணெயும் நின்றுபோகிறது. சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது, மசகோ இல்லை. எனவே சிறிது தூரத்துக்கு ஒருமுறை ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்துவிட்டு இறங்க வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் முழுப்பளுவும் டிரம் பிரேக்கின்மேல் விழும். சூடேறிய ஷூ பிடிக்காது. நான்காம் பகுதியில் பிரேக்குக்கு ஒதுக்கிய பங்கின் நியாயம் இங்கே விளங்கும்.

9. முடிவுகள்

முதலாவது, சேத்தக் வகை வண்டியில் செலவின் வரிசை: ஆவணம், தரைத்தகடு, பிரேக்கும் ஸ்டீயரிங்கும், எஞ்சின், மின்சாரம், கடைசியில் வண்ணம். இரண்டாவது, கழற்றித் திருப்ப முடிந்த மாற்றமே தகும். பொறியியல், சட்டம், பிற்கால மதிப்பு மூன்றும் இதில் ஒன்றுபடுகின்றன. மூன்றாவது, இந்த நிலத்தின் வெயிலும் மலைப்பாதையும் பொதுவான கையேடு எதுவும் சொல்லாத தேவைகளை முன்வைக்கின்றன.

சீல் நோயைச் சத்தத்தில் அறியும் காதும், தகட்டைத் தட்டி உணரும் கையும் இன்று பெரும்பாலும் மூத்த மெக்கானிக்குகளிடமே உள்ளன. ஐ.டி.ஐ. மாணவர்கள் அவர்களோடு உட்கார்ந்து, அளவுகளோடும் படங்களோடும் தமிழிலும் தெலுங்கிலும் அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு சேத்தக்கைப் பிரித்து மாட்டியவர் டூ-ஸ்ட்ரோக், கிளட்ச், மேக்னெட்டோ, தகட்டுவேலை ஆகியவற்றின் அடிப்படைகளை ஒரே வண்டியில் கற்றுவிடுகிறார். அந்தக் கல்விக்காகவே இந்தச் செலவு தகும்.