ஒன்பில்ட்: தானாக இறங்கிய பேக்கேஜுகளின் கதை

உருத்திரபுரத்தில் போன் டேட்டாவில் கணினி படிக்கும் எங்களுக்கு, ஒரே பேக்கேஜ் இரண்டு தரம் இறங்கினால் போட்ட ரீலோட் காலி.

2013இல் வந்த டொக்கர், மென்பொருளையும் அதற்கு வேண்டிய பேக்கேஜுகளையும் ஒரே இமேஜில் அடைத்தது. 2014 பெப்ரவரியில், 0.8 பதிப்பில், 'ஒன்பில்ட்' கட்டளை சேர்ந்தது. அதை வைத்துக் கட்டிய பைதன், நோட் இமேஜுகளின் பெயரை ஒரு வரியில் எழுதினால் போதும். பட்டியலைப் பார்த்து எல்லாம் தானாக நிறுவப்படும். வசதிதான், ஆனால் உள்ளே நடப்பது எழுதுபவருக்கே தெரியாது. அந்த இமேஜுகள் பின்னர் கைவிடப்பட்டன.

2016 மார்ச்சில், 'லெப்ட்பேட்' என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவரே என்பிஎம்மிலிருந்து நீக்கினார். உலகெங்கும் புதிதாக நிறுவியவர்கள் தடுமாறினார்கள். ஏற்கெனவே கட்டிய இமேஜுக்குப் பாதிப்பில்லை. பேக்கேஜ் உள்ளேயே இருந்தது.

நாங்கள் பட்டியலை முதலில் இமேஜுக்குள் பிரதி செய்து, பேக்கேஜுகளை நிறுவி, பிறகுதான் எங்கள் கோடைச் சேர்க்கிறோம். கோடில் எதைத் திருத்தினாலும் பேக்கேஜுகள் மறுபடி இறங்குவதில்லை.