பூச்சி ஒளிப்படக்கலையின் வரலாறு

பூச்சிகள், சிலந்திகள் போன்ற சிற்றுயிர்களை அவை வாழும் இடத்திலேயே கவனித்துப் படமெடுப்பது இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடிய செயலாகிவிட்டது. ஆனால் அறிவியல் உலகில் நெடுங்காலம் ஒரு பூச்சியை அறிவது என்றால், அதைக் கொன்று ஊசியில் குத்திப் பெட்டியில் வைப்பது என்றே பொருள். ஒரு தலைமுறைக்கு முன்பு நம் கல்லூரிகளிலும் விலங்கியல் மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்குப் பூச்சிப் பெட்டி ஒன்றைத் தயாரித்துக் கொடுத்ததுண்டு. பூச்சி ஒளிப்படக்கலையின் வரலாறு, அந்தப் பெட்டியை விட்டு உயிருள்ள பூச்சியின் பக்கம் மனிதர்கள் திரும்பிய வரலாறாகும். அதனால் கிடைத்த அறிவையும், அதனோடு சேர்ந்து வந்த ஆபத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இறந்தபின் நிறம்

சிற்றுயிர்களின் நிறங்கள் இரண்டு வகையில் உண்டாகின்றன. ஒன்று நிறமிகளால் வருவது. மற்றொன்று உடலின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து வளர்த்தவர்களுக்கு இரண்டாவது வகை நன்கு தெரியும். வண்டு இறந்த பிறகும் அதன் பச்சை மினுமினுப்பு பல ஆண்டுகள் போகாது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து ஏற்றுமதியான மெல்லிய துணிகளில் வண்டின் இறக்கைகளை வைத்துத் தைத்தார்கள்.

தட்டான் அப்படியல்ல. சிவப்பாகவோ நீலமாகவோ பறந்துகொண்டிருந்த தட்டான் இறந்த சில நாட்களில் பழுப்பேறிவிடும். சாராயத்தில் பாதுகாக்கப்படும் சிலந்திகளின் நிறமும் காலப்போக்கில் மங்கும். எனவே அருங்காட்சியகப் பெட்டியை மட்டும் பார்த்துப் படித்தவருக்கு அந்த உயிரின் உண்மையான நிறம் தெரியாமலேயே போகலாம். அதன் நடத்தை பெட்டியில் கிடைக்கவே கிடைக்காது.

கண்ணும் தூரிகையும்

உயிருள்ள சிற்றுயிரைப் பார்க்கும் பழக்கம் ஒளிப்படக் கருவிக்கு மிகவும் முந்தியது. முதல் மழைக்குப் பிறகு செம்மண் நிலத்தில் ஊர்ந்து செல்லும் சிவந்த தம்பலப்பூச்சி சங்கப் பாடல்களில் ‘மூதாய்’ என்ற பெயரில் வருகிறது. மழைக்கால முல்லை நிலக் காட்சியின் ஒரு பகுதியாகவே புலவர்கள் அதைக் காட்டினார்கள். எட்டுக் கால்களைக் கொண்ட இவ்வுயிர் உண்மையில் பூச்சியன்று. உண்ணி இனத்தைச் சேர்ந்தது, சிலந்திக்கு உறவு.

ஐரோப்பாவில் இப்பழக்கத்தை அறிவியல் முறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் மரியா சிபில்லா மெரியன் (1647–1717). ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்த இவர், 13 வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்துக் கவனிக்கத் தொடங்கினார். சேற்றிலிருந்து பூச்சிகள் தாமாகத் தோன்றுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. மெரியனோ முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி ஆகிய நான்கு நிலைகளையும் அவை உண்ணும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார்.

1699-இல், தம் 52ஆம் வயதில், இளைய மகளுடன் தென் அமெரிக்காவிலிருந்த டச்சுக் குடியேற்றமான சுரிநாமுக்குக் கப்பலேறினார். அங்கிருந்த பழங்குடியினரும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களும் கொடுத்த உயிரினங்களையும் செய்திகளையும் தம் குறிப்புகளில் பதிவு செய்தார். உடல்நலம் கெட்டதால் 1701-இல் திரும்பினார். 60 வண்ணப் படங்கள் கொண்ட அவருடைய சுரிநாம் பூச்சிகள் நூல் 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது.

அந்நூலின் 18ஆம் படத்தில், கொய்யாக் கிளையில் பெரிய சிலந்தி ஒன்று ரீங்காரச்சிட்டைப் பிடித்துத் தின்கிறது. லின்னேயஸ் 1758-இல் இச்சிலந்திக்குப் பறவையைக் குறிக்கும் சொல்லையே பெயராகச் சூட்டினார். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சில இயற்கையியலாளர்கள் இப்படத்தைக் கட்டுக்கதை என்று ஏளனம் செய்தனர். பிறகு அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் சுற்றிய ஹென்றி வால்டர் பேட்ஸ், சிலந்தியிடம் சிக்கிய சிறு பறவைகளைத் தாம் நேரில் கண்டதை 1863-இல் எழுதினார். மெரியன் இறந்து ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகியிருந்தன. நேரில் கண்டதை வரைந்தாலும் பிறர் நம்ப வேண்டும் என்பதில்லை. தூரிகைக்கு இருந்த இந்தக் குறையைத்தான் பிற்காலத்தில் ஒளிப்படம் ஓரளவு தீர்த்தது.

தரங்கம்பாடியில் ஒரு மாணவர்

லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கேனிக் 1768-இல் டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் அனுப்பியவற்றுள் பல பூச்சிகளுக்கு, லின்னேயஸின் மற்றொரு மாணவரான ஃபப்ரிசியஸ் பெயரிட்டார். தம் வாழ்நாளில் சுமார் 10,000 பூச்சியினங்களுக்குப் பெயரிட்ட ஃபப்ரிசியஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் கண்டவை காய்ந்த உடல்கள் மட்டுமே.

கேனிக் சேகரிப்போடு நிற்கவில்லை. தஞ்சாவூர்ப் பகுதியின் கரையான்களை நேரில் கவனித்தார். புற்றின் அமைப்பையும், மக்கள் ஈசல் பிடித்து உண்பதையும் 1779-இல் வெளியான ஜெர்மன் மொழிக் கட்டுரையில் விவரித்தார்.

காய்ந்த உடலுக்கும் நேரில் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தட்டானைக் கொண்டு விளக்கலாம். மழைக்காலத்தில் நம் ஊர்த் திடல்களில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தட்டானுக்கு ஃபப்ரிசியஸ் 1798-இல் பெயரிட்டார். அது இந்தியாவிலிருந்து கடல் கடந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கிறது என்ற கருத்தை, மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல்தான் வெளியிட்டார். தட்டான்கள் ஆண்டுதோறும் எந்த நாளில் வந்து சேர்கின்றன என்று பொறுமையாகக் குறித்து வைத்ததே அதற்கு அடிப்படை. பெயரிட்டு 211 ஆண்டுகள் கழித்தே அதன் பயணம் உலகுக்குத் தெரிந்தது.

ஒளிப்படம் வந்த பிறகு

1839-இல் ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், நுண்ணோக்கி வழியாகப் பூச்சி இறக்கைகளைப் படமெடுத்தார். ஆனால் அன்றைய தாளில் படம் பதிய நீண்ட நேரம் ஒளி பட வேண்டும். அதுவரை அசையாமல் இருக்கும் பூச்சி இறந்த பூச்சிதான். ஆகவே தொடக்ககாலப் பூச்சிப் படங்கள் பெரும்பாலும் பெட்டியில் இருந்தவற்றின் படங்களே.

பிரான்சில் பூச்சிகளின் நடத்தையைத் தோட்டத்திலேயே உட்கார்ந்து ஆராய்ந்த ழான் ஆன்றி ஃபாபர், 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகள் எழுதினார். அவருடைய மகன் பால் எடுத்த ஒளிப்படங்கள் பின்னாளைய பதிப்புகளில் சேர்ந்தன. 1904-இல் பாரிஸில் லூசியன் புல் என்பவர் மின்பொறியின் ஒளியைக் கொண்டு, பறக்கும் பூச்சியின் இறக்கை அசைவை அடுத்தடுத்த படங்களாகப் பிடித்தார்.

அதன்பின் ஒவ்வொரு தடையாக விலகியது. 1907-இல் வண்ணக் கண்ணாடித் தகடுகள் விற்பனைக்கு வந்தன. 1935-இல் கோடாக்ரோம் வண்ணச் சுருள் வந்தது. 1936-இல் வந்த எக்சாக்டா கருவியில், படம் பிடிக்கும் வில்லை வழியாகவே பூச்சியைப் பார்த்துக் குவியப்படுத்த முடிந்தது. மின்னணு ஃபிளாஷ் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஒளி கொடுத்தது. 1975-இல் ஸ்டீபன் டால்டன் வெளியிட்ட நூல், கட்டற்றுப் பறக்கும் பூச்சிகளைத் தெளிவான வண்ணப் படங்களாகக் காட்டியது.

ஒரு தடை மட்டும் இன்றும் உண்டு. 5 மில்லிமீட்டர் பூச்சியின் பிம்பம் கருவிக்குள் அதே 5 மில்லிமீட்டர் அளவில் விழும்படி நெருங்கினால், தெளிவாகத் தெரியும் ஆழம் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் கால் மங்கிவிடும். இதனால் பல படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குகிறார்கள். பூச்சி அசையாமலிருக்க அதைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச் செய்து எடுப்பவர்களும் உண்டு. அப்படி எடுத்த படம் அழகாக இருக்கலாம். ஆனால் அதில் தெரியும் நிலை அந்த உயிரின் இயல்பான நிலை அன்று.

மயில் சிலந்தி சொல்லும் பாடம்

ஆஸ்திரேலியாவில் 5 மில்லிமீட்டர் அளவே உள்ள குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. ஆண் சிலந்தியின் வயிற்றின் இருபுறமும் மடிந்த தோல்மடிப்புகள் இருக்கும். 1874-இல் இங்கிலாந்தின் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் இதை விவரித்தபோது, அம்மடிப்புகளை விரித்து அது காற்றில் மிதக்கும் என்று சேகரித்தவர் அனுப்பிய செய்தியை ஏற்று, ‘பறக்கும்’ என்ற பொருளுடைய லத்தீன் பெயரை வைத்தார். அச்சிலந்தி பறப்பதில்லை. பெண் சிலந்தியின் முன் அது மடிப்புகளை விரித்து, வயிற்றை நிமிர்த்தி, மயிலைப்போல ஆடுகிறது. தவறான பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

சிட்னியில் உண்ணிகளை ஆராய்ந்துவந்த யூர்கன் ஓட்டோ, 2005-இல் ஒரு நடைப்பயணத்தில் இச்சிலந்தியைக் கண்டார். பின்னர் அதன் ஆட்டத்தைப் படமும் காணொளியும் எடுத்தார். 2011-இல் டேவிட் ஹில்லுடன் சேர்ந்து மயில் சிலந்திகள் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். இன்று இப்பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் சில, பொதுமக்கள் எடுத்த படங்களால் முதலில் கவனத்துக்கு வந்தவை.

படம் மட்டும் போதுமா?

2011-இல் மலேசியாவின் சிலாங்கூரில் ஒருவர் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைப் படமெடுத்தார், பூச்சி பறந்துவிட்டது. இணையத்தில் அவர் இட்ட படத்தைக் கலிபோர்னியாவிலிருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் தற்செயலாகப் பார்த்து, இது இதுவரை பெயரிடப்படாத இனம் என்று ஐயுற்றார். ஆனால் மாதிரி உடல் இல்லாமல் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, படமெடுத்தவருக்கு அதே இடத்தில் அதே இனம் மீண்டும் கிடைத்தது. மாதிரி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 2012-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட கட்டுரையில் படமெடுத்தவரும் ஓர் ஆசிரியர்.

2015-இல் தென்னாப்பிரிக்க ஈ இனம் ஒன்றை ஒளிப்படங்களை மட்டும் வைத்து விவரித்தபோது அறிஞர்களிடையே கடும் விவாதம் எழுந்தது. உள்ளுறுப்புகளையும் மரபணுவையும் படத்தில் ஆராய முடியாது என்பது ஒரு தரப்பின் வாதம். அரிய உயிரைக் கொல்லத்தான் வேண்டுமா என்பது மறுதரப்பின் கேள்வி. இரண்டிலும் நியாயம் உண்டு. பூச்சிப் பெட்டியை முற்றிலும் ஒதுக்க முடியாது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பெட்டி தேவையும் இல்லை.

குத்தி நீலச் சிலந்தி

ஒளிப்படத்தின் மறுபக்கத்தை நம் அண்டை மாநிலச் சிலந்தி ஒன்று காட்டுகிறது. ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்திலுள்ள குத்தி (கூட்டி என்றும் சொல்வர்) நகரில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு நீலச் சிலந்தியை 1899-இல் போகாக் விவரித்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் அந்த ஒரு மாதிரிதான் உலகுக்குத் தெரியும். 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் அது மீண்டும் காணப்பட்டது. ரயிலில் வந்த மரத்தோடு குத்திக்கு வந்திருக்கலாம் என்பது இதனால் விளங்கியது.

ஆனால் அதன் நீல நிறமே அதற்குப் பகையானது. வெளிநாடுகளில் இதை வளர்ப்புச் சிலந்தியாக விற்கிறார்கள். காடு குறைந்துவரும் நிலையில், 2008-இல் இது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இப்பேரினம் முழுவதையும் 2019-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் சேர்த்தனர். மனத்தைக் கவரும் ஒரு படமும், அதனுடன் துல்லியமான இடக்குறிப்பும் இருந்தால், கடத்துபவருக்கு வேறு வழிகாட்டி தேவையில்லை. இதனால்தான் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிய உயிர்களின் சரியான இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கின்றன.

தமிழகத்திலும் இன்றும்

தமிழகக் காட்டுயிர் ஒளிப்படக்கலையின் முன்னோடியான மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் யானை முதலிய பாலூட்டிகளையும் பறவைகளையும் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். விலங்கு தன் இடத்தில் தன் இயல்பில் இருப்பதைக் காட்டுவதே அவருடைய படங்களின் தனித்தன்மை. 2019-இல் தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டதும், இளைஞர்கள் பலர் சிற்றுயிர்களைத் தேடிச் செல்லத் தொடங்கியிருப்பதும் இன்றைய நிலை.

இவ்வாறு படமெடுக்கும் மாணவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனக் குறைந்தது இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். நாள், நேரம், ஊர், அமர்ந்திருந்த செடி, செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். வலையைக் கலைக்கவோ, இலையைக் கிள்ளவோ கூடாது. அரிய உயிர் என்றால் இடத்தை ஊர் அறியச் சொல்லக் கூடாது. பூச்சியை அது உண்ணும் செடியோடு சேர்த்துப் பதிவு செய்வது மெரியன் 300 ஆண்டுகளுக்கு முன் கையாண்ட முறைதான். கருவி மட்டுமே மாறியிருக்கிறது.