தரகரின் அவசரமும் வீடு வாங்குவோரின் உரிமையும்

"இன்று மாலைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் மனை கைநழுவிவிடும்." வீடு தேடும் பலரும் தரகர்களிடம் கேட்கும் சொல் இது. முதன்முதலாகச் சொத்து வாங்கும் தலித் குடும்பத்திற்கோ இந்த நெருக்கடி இரட்டிப்பாகிறது. "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்ற விசாரணைக்குப் பின், காலியாக இருந்த வீடு திடீரென விற்றுப்போனதாகிவிடுகிறது. கிடைத்ததையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், பத்திரத்தைப் பாராமலே பணம் கைமாறுகிறது. ஆவணங்களைச் சரிபார்த்த பின்னரே பணம் என்ற வரிசையை எவருக்காகவும் மாற்றாதிருப்பதே முதல் தற்காப்பு என்கிறோம்.

சட்டம் தரும் பிடிமானம்

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டப்படி, பதிவு பெற வேண்டிய திட்டங்களில் மனையோ அடுக்ககமோ விற்றுத்தரும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும் (பிரிவு 9). மீறினால் நாளொன்றுக்கு ரூ.10,000 வீதம், சொத்து மதிப்பில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் முன்பணம் பெற, திட்டத்தை மேற்கொள்ளும் நிறுவனத்திற்கு உரிமையில்லை (பிரிவு 13). ஆகவே முகவரின் பதிவு எண்ணையும் திட்டத்தின் பதிவு எண்ணையும் முதலில் கேட்க வேண்டும்.

தனியாரிடமிருந்து பழைய வீடு வாங்குகையில் இப்பாதுகாப்பு இல்லை. அங்கே முன்பணத்தைத் தரகரிடமன்றி, உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். ஆவணங்களில் குறை இருப்பின் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என எழுதி வாங்க வேண்டும்.

பஞ்சமி நிலமா?

மூலப்பத்திரம், பட்டா, மனைப்பிரிவு அனுமதி, குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றோடு தேடல் முடிந்துவிடாது. 1892இல் ஆங்கிலேய அரசு தலித் மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களைப் பத்தாண்டுகள் வரை எவருக்கும் விற்கவியலாது. அதன் பின்னும் பிற சாதியினருக்கு விற்கவியலாது. வில்லங்கச் சான்றிதழ் பதிவான பரிமாற்றங்களையே காட்டும். இந்த நிபந்தனையைக் காண வட்டாட்சியர் அலுவலகத்தின் 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். 1994இல் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அத்தகைய நிலம் மனையாகி, நம் மக்களின் சேமிப்பையே விழுங்க இடமளிக்கலாகாது.

சாதி கேட்கும் தரகர்

வீட்டு விற்பனையில் சாதி கேட்பதை ரியல் எஸ்டேட் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யவில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க விதியை 2005இல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்த இடைவெளியை அடைக்கத் தனிச்சட்டம் கோருவது நம் அரசியல் கடமை. எனினும் பொதுமக்கள் காணும் இடத்தில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஸ்) பாயும். குறுஞ்செய்திகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காது காக்க வேண்டும்; சாட்சியாக ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் நன்று.

ஒருநாள் அவகாசம் தர மறுக்கும் சொத்து, அந்த ஒருநாளில் வெளிப்படக்கூடிய எதையோ மறைக்கலாம். அதைக் கைவிடுவது இழப்பாகாது.